ரத்த வாயு, உடல்நீர், உப்புகள்: செவிலியர் மாணவர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே ரத்த வாயுப் பரிசோதனையையும் உடலின் நீர், உப்புச் சமநிலையையும் சுற்றியே அமைந்திருந்ததால், ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி விடையளித்திருக்கிறேன். இங்கே தரும் எண்கள் பெரியவர்களுக்கானவை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அவை சிறிது மாறும் என்பதால், உங்கள் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லையையே அளவாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ரத்த வாயு அறிக்கையின் இயல்பு எண்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் வார்டில் அறிக்கையைக் கையில் வாங்கியதும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எளிய வழி உண்டா? — இரண்டாம் ஆண்டு மாணவி

உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை. ஒன்றோடொன்று உறவுள்ள எண்களைத் தனித்தனியாகப் படித்ததால் வந்த தடுமாற்றம் இது. தமனி ரத்தத்தில், அமில–காரத் தன்மையின் அளவான பிஎச் 7.35 முதல் 7.45 வரையும், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரையும், பைகார்பனேட் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் வரையும் இருப்பது இயல்பு. கார்பன் டை ஆக்சைடு நுரையீரலின் கணக்கு. பைகார்பனேட் பெரும்பாலும் சிறுநீரகத்தின் கணக்கு. இந்த இரண்டு தட்டுகளில் எது தாழ்ந்திருக்கிறது என்று காட்டும் தராசு முள்தான் பிஎச்.

ஆகவே முதலில் முள்ளைப் பாருங்கள். 7.35-க்குக் கீழே என்றால் அமிலத்தன்மை, 7.45-க்கு மேலே என்றால் காரத்தன்மை. அடுத்து, அந்தச் சாய்வுக்கு எந்தத் தட்டு காரணம் என்று கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் பைகார்பனேட் இறங்கினாலும் ரத்தம் அமிலமாகும். எதிர்த் திசையில் நகர்ந்தால் காரமாகும். முள் சாய்ந்த திசைக்குப் பொருந்தி வரும் எண்தான் மூலக் கோளாறு. மற்ற எண் அதை ஈடுகட்ட முயல்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. ஆக்சிஜனை இதற்குப் பிறகு தனியாகப் பார்க்கலாம். அப்போது நோயாளிக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பிஎச் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 7.40-க்கும் 7.10-க்கும் இடையே உள்ள வேறுபாடு தாளில் மிகச் சிறியதாகத் தெரியும். ஆனால் பிஎச் 7.40 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி; 7.10 என்றால் ஏறத்தாழ 80. அதாவது அமிலம் இரண்டு மடங்காகிவிட்டது. ‘கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது’ என்று பணி ஒப்படைக்கும்போது சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. சர்க்கரை நோயின் கீட்டோன் அமில நிலையில் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடுகிறார். அறிக்கையில் பிஎச் 7.14, கார்பன் டை ஆக்சைடு 18, பைகார்பனேட் 6. முள் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருப்பது ரத்தத்தைக் காரமாக்கும் போக்கு என்பதால் அது காரணமாக இருக்க முடியாது, பைகார்பனேட்தான் காரணம். எனவே இது வளர்சிதை மாற்ற அமிலத்தன்மை. நுரையீரல் போதுமான அளவு ஈடுகட்டுகிறதா என்று பார்க்க ஒரு வாய்பாடு உண்டு: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8-ஐக் கூட்டினால், இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும், 2 கூடலாம், 2 குறையலாம். இங்கே 9 கூட்டல் 8 என்பது 17. அறிக்கையில் 18 இருக்கிறது. நுரையீரல் தன்னால் ஆன அளவு உழைக்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து அதே நோயாளியின் மறு அறிக்கை வருகிறது: கார்பன் டை ஆக்சைடு 30, பைகார்பனேட் அதே 6. மூச்சின் வேகமும் தணிந்திருக்கிறது. 30 என்பது 35-க்கு அருகில்தானே, தேறி வருகிறார் போலும் என்று மாணவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த நிலையில் பிஎச் 6.9 அளவுக்கு இறங்கியிருக்கும். அவர் தேறவில்லை, களைத்துவிட்டார். பைகார்பனேட் ஏறாமல் கார்பன் டை ஆக்சைடு மட்டும் இயல்பை நோக்கி வந்தால், அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்காமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள். கடும் ஆஸ்துமாவிலும் இதே கதைதான்: வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவரின் கார்பன் டை ஆக்சைடு ‘இயல்பாக’ 40 என்று வருவது அபாயத்தின் அறிகுறி.

கேள்வி: பைகார்பனேட் 30 என்று கொடுத்திருந்த வினாவுக்குக் காரத்தன்மை என்று எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. பைகார்பனேட் காரம் என்பது சரிதானே? — மூன்றாம் ஆண்டு மாணவர்

நீங்கள் செய்த பிழையைக் கோபன்ஹேகன் நகரத்தின் தேர்ந்த மருத்துவர்களும் ஒரு காலத்தில் செய்தார்கள். 1952-இல் அங்கே இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது பெரும்பகுதி பைகார்பனேட்டாக உள்ள அளவு, மிக அதிகமாக இருந்தது. காரணம் விளங்காத காரத்தன்மை என்று அதைக் கருதினார்கள். மயக்கவியல் மருத்துவர் ப்யோர்ன் இப்சன், நோயாளிகளால் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற முடியவில்லை, அதனால்தான் இது சேர்கிறது என்று வாதிட்டார். பிஎச் அளந்து பார்த்தபோது ரத்தம் அமிலமாக இருந்தது. அதன் பிறகு தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும், அந்த ஊரில் பவுல் ஆஸ்ட்ரப் உருவாக்கிய ரத்த வாயு அளவீட்டு முறையும் அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தவை.

உங்கள் வினாவில் மற்ற எண்கள் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்: பிஎச் 7.30, கார்பன் டை ஆக்சைடு 62 என்பதுபோல. முள் அமிலப் பக்கம். அதற்குப் பொருந்துவது 62. எனவே இது மூச்சு சார்ந்த அமிலத்தன்மை. பைகார்பனேட் ஈடுகட்ட ஏறியிருக்கிறது. அந்த 30 இன்னொரு செய்தியையும் சொல்கிறது. கார்பன் டை ஆக்சைடு திடீரென 10 ஏறினால் பைகார்பனேட் ஏறத்தாழ 1 மட்டுமே கூடும். நாள்பட ஏறியிருந்தால் சிறுநீரகம் மூன்று முதல் ஐந்து நாள் உழைத்து 10-க்கு 4 வரை கூட்டியிருக்கும். 62 என்பது 40-ஐவிட 22 அதிகம். திடீர்க் கோளாறு என்றால் பைகார்பனேட் 26 அளவில் நின்றிருக்கும். முழுக்க நாள்பட்டது என்றால் 32-ஐத் தாண்டியிருக்கலாம். 30 இடையில் நிற்கிறது: நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்குப் புதிதாக ஏதோ நேர்ந்து நிலை மோசமாகியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஆக்சிஜனை அளவின்றித் திறந்துவிடாமல், பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதச் செறிவு என்று இலக்கு வைப்பார்கள். ஆணைத் தாளில் அந்த இலக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தமனி ரத்தம் எடுத்த சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருந்ததற்காக மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஒரு குமிழியால் என்ன ஆகிவிடும்? — பயிற்சிச் செவிலியர்

நோயாளிக்கு இன்னொரு குத்து என்ற வருத்தம் புரிகிறது. ஆனாலும் சொன்னவர் சொன்னது சரி. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு அநேகமாக இல்லை. ஆக்சிஜனின் அழுத்தமோ ஏறத்தாழ 150. குமிழியுடன் ரத்தம் கலந்து நிற்க நிற்க, ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு குறையும், பிஎச் ஏறும், ஆக்சிஜன் 150-ஐ நோக்கி நகரும். ஆக்சிஜன் 55 உள்ள நோயாளிக்கு 75 என்று அறிக்கை வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ரத்தம் எடுத்தவுடன் குமிழியை வெளியேற்றி, முனையை மூடி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலக்கும்படி சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள். அரை மணி நேரத்துக்குள் கருவியில் வைத்துவிட வேண்டும், ஏனெனில் ரத்த அணுக்கள் சிரிஞ்சுக்குள்ளும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். நீர்ம ஹெப்பாரினை நீங்களே உறிஞ்சி எடுக்கும் இடமானால், மிச்சத்தை முழுவதும் வெளியேற்றுங்கள். அது தங்கினால் ரத்தம் நீர்த்து, கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் பொய்யாகக் குறையும். குத்திய இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் கூடுதலாக. கடிகாரத்தைப் பார்த்து அழுத்துங்கள், மனக்கணக்கில் ஐந்து நிமிடம் எப்போதும் இரண்டாகச் சுருங்கிவிடும். ஆக்சிஜன் அளவையோ வென்டிலேட்டர் அமைப்பையோ மாற்றியிருந்தால் இருபது, முப்பது நிமிடம் கழித்தே எடுக்க வேண்டும். எடுத்தபோது என்ன அமைப்பு இருந்தது என்பதைச் சீட்டில் எழுத வேண்டும்.

கேள்வி: பொட்டாசியம் 8.2 என்று ஆய்வகம் தொலைபேசியில் சொன்னது. நோயாளியோ நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் செவிலியர் என்ன செய்ய வேண்டும்? — நான்காம் ஆண்டு மாணவி

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் இதேபோன்ற ஓர் அறிக்கைக்கு நானே காரணமாக இருந்தேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கூடுதலாக விழுந்துவிட்டது. மஞ்சள் மூடிக் குழாய்க்குப் போதவில்லை. மறுபடி குத்த வேண்டாமே என்று ஊதாவிலிருந்து கொஞ்சத்தை மஞ்சளில் சாய்த்தேன். பொட்டாசியம் 8-க்கு மேல் வந்தது; நோயாளி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அறிக்கையின் கீழ்ப்பகுதியில் கால்சியம் உயிரோடு இருப்பவருக்கு இருக்க முடியாத அளவு குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர் என்னைக் கூப்பிட்டு, ‘எந்தக் குழாயை முதலில் நிரப்பினீர்கள்?’ என்று கேட்டார். ஊதா மூடிக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த ஈடிடிஏ உப்பு. அது பொட்டாசியத்தைக் கூட்டும், கால்சியத்தைப் பிணைத்துவிடும். பொட்டாசியம் ஏறிக் கால்சியம் அடியோடு விழுந்தால் முதலில் குழாயைச் சந்தேகியுங்கள்.

பொய்யான உயர்வுக்கு வேறு வழிகளும் உண்டு. உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் நாம் அளக்கும் 3.5 முதல் 5 வரையிலான மில்லிமோல் என்பது வாசலில் நிற்கும் சிறு கூட்டம். எனவே சிவப்பணுக்கள் சிதைந்தால், அதாவது மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும், குழாயைப் பலமாகக் குலுக்கினாலும், உள்ளிருப்பது வெளியே கொட்டி எண் ஏறிவிடும். டூர்னிக்கெட்டை, அதாவது கையை இறுக்கும் பட்டையை, கட்டிவிட்டு, கையை மூடி மூடித் திறக்கச் சொல்வதும் அதையே செய்யும்.

ஆனால் ‘பொய்யாக இருக்கலாம்’ என்ற எண்ணத்தோடு காத்திருப்பதற்கு உரிமை இல்லை. மாதிரியை மறுபடி எடுத்து அனுப்பும் அதே வேளையில் இசிஜி எடுங்கள், மருத்துவருக்குத் தெரிவியுங்கள், பொட்டாசியம் கலந்த திரவம் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இசிஜியில் டி அலை கூடாரம்போல் உயர்ந்து கூராவதும், பி அலை தட்டையாவதும், கியூஆர்எஸ் அகலமாவதும் மெய்யான உயர்வின் அடையாளங்கள். ஆனால் இசிஜி இயல்பாக இருப்பது மட்டுமே பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட் கொடுக்கச் சொன்னால், அது பொட்டாசியத்தைக் குறைப்பதற்காக அன்று, இதயத் தசையைக் காப்பதற்காக என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது குளுக்கோஸுடன் தரும் இன்சுலின். அதற்குப் பின் பல மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் பொறுப்பு. உடலைவிட்டே வெளியேற்றுவது சிறுநீரும் டயாலிசிஸும்தான்.

முதல் பதிலில் வந்த கீட்டோன் அமில நோயாளியை இங்கே மறுபடி நினைத்துப் பாருங்கள். அவருக்கு இன்சுலின் குறைவாலும் உடல் வறண்டதாலும் பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேறி, ரத்தத்தில் இயல்பாகவோ கூடுதலாகவோ தெரியும். சிறுநீர் வழியே மொத்தச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கும். இன்சுலின் ஓடத் தொடங்கியதும் எண் சரியும். தொடக்கத்திலேயே குறைவாக இருந்தால் இன்சுலினை நிறுத்திவைத்துப் பொட்டாசியத்தை முதலில் கொடுப்பது இதனால்தான்.

கேள்வி: பொட்டாசியம் குளோரைடை ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்ஸில் சேர்க்கலாமா?

கூடாது. தொங்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்தினால் அது சரியாகக் கலக்காமல் அடியில் தங்கி, முதலில் இறங்கும் திரவத்தோடு மொத்தமாக நாளத்துக்குள் போகும். கழற்றி, சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்து, அளவெழுதி ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். நீர்க்காமல் நேரடியாக நாளத்தில் செலுத்துவது எந்தச் சூழலிலும் இல்லை, இதயம் நின்றுவிடும். சாதாரண வார்டில், கை நாளத்தில், மணிக்கு 10 மில்லிமோல் என்பதைப் பொதுவான எல்லையாகக் கொள்கிறார்கள். சிறுநீர் போகிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க நினைவூட்டுங்கள்.

கேள்வி: நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட், ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மூன்றுமே தண்ணீர்தானே? ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஏன் கூடாது? — முதலாம் ஆண்டு மாணவர்

மூன்றும் நாளத்துக்குள்தான் இறங்குகின்றன. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் தங்குவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர். அதில் 28 லிட்டர் செல்களுக்குள், 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. வெளியே உள்ளதிலும் கால்பங்குதான் ரத்த நாளங்களுக்குள் ஓடும் பிளாஸ்மா. சோடியம் செல்லுக்குள் தங்காது என்பதால், ஒரு லிட்டர் சலைன் முழுவதும் வெளிப்புறத்திலேயே நிற்கும். அதில் கால் லிட்டர் அளவு நாளத்தில் தங்கும். டெக்ஸ்ட்ரோஸிலோ சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது வெறும் நீர். அது உடல் முழுவதும் பரவிவிடும். ஒரு லிட்டரில் 80 மில்லி அளவே நாளத்தில் நிற்கும். ரத்தம் இழந்து அழுத்தம் விழுந்தவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏன் உதவாது என்பதும், மூளை வீங்கியவருக்கு அது ஏன் கேடு என்பதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும்.

‘நார்மல்’ என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். சலைனில் லிட்டருக்குச் சோடியமும் 154 மில்லிமோல், குளோரைடும் 154. ரத்தத்தின் குளோரைடு 100-ஐ ஒட்டியது. லிட்டர் லிட்டராக ஏற்றினால் குளோரைடு மிகுந்து பைகார்பனேட் இறங்கும், அமிலத்தன்மை வரும். ரிங்கர் லாக்டேட் ரத்தத்தின் கலவைக்கு நெருங்கியது. சிட்னி ரிங்கர் என்ற ஆங்கில மருத்துவர், தவளை இதயம் குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக் கரைசலில் துடிப்பதையும், காய்ச்சி வடித்த நீரில் கலந்ததில் நின்றுபோவதையும் கண்டு, காரணம் கால்சியம் என்று 1883-இல் வெளியிட்டார். அந்தக் கால்சியம்தான் இன்றும் அதில் இருக்கிறது. ரத்தப் பையில் உறையாமைக்காகச் சேர்க்கும் சிட்ரேட்டோடு அது சேரக்கூடாது என்பதால், ரத்தம் ஏற்றும் அதே குழாயில் ரிங்கர் லாக்டேட்டை ஓட்டுவதில்லை.

கேள்வி: சோடியம் குறைவு என்றால் உடலில் உப்பு குறைவு என்றுதானே பொருள்?

பெரும்பாலும் நீர் மிகுதி என்றே பொருள். இதயம் தளர்ந்து, கால் வீங்கியவரின் சோடியம் 126 ஆக இருக்கலாம். அவர் உடலில் உப்பு தேவைக்கு மேல் இருக்கிறது, நீர் அதைவிட மேலாக இருக்கிறது. அவருக்கு உப்பைக் கூட்டுவது நோயைக் கூட்டுவதாகும். வலிப்பு வந்தவருக்கு மூன்று சதவீதச் சலைன் கொடுப்பார்கள். ஆனால் நாள்பட்ட குறைவை ஒரே நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால் மூளைத் தண்டின் நரம்புறைகள் சிதைந்துபோகலாம். சிகிச்சையில் இருப்பவரின் சிறுநீர் திடீரெனத் தெளிந்து, மிகுதியாக ஓடத் தொடங்கினால், சோடியம் தாவப்போகிறது என்ற முன்னறிவிப்பாக அதை எடுத்துக்கொண்டு உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: உட்கொண்டது, வெளியேறியது என்று நாள் முழுவதும் பதிவேட்டை எழுதுகிறோம். அதை யாராவது பார்க்கிறார்களா? — இரண்டாம் ஆண்டு மாணவி

நம்பும்படி எழுதியிருந்தால் பார்ப்பார்கள். வியர்வையும் மூச்சும் பதிவேட்டில் ஏறாது. காய்ச்சல் உள்ளவருக்கு அந்த இழப்பு இன்னும் கூடும். ஆகவே காலை எடையை அதற்குச் சாட்சியாக வையுங்கள்: ஒரே எடைக்கருவி, ஒரே நேரம், சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன். ஓர் இரவில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது சதை அன்று; ஒரு லிட்டர் நீர். பதிவேடு சமநிலை என்று சொல்லி, எடை ஒரு கிலோ கூடியிருந்தால், பதிவேட்டில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் விடுபடுபவை நாளக் குழாயைக் கழுவச் செலுத்தும் சலைனும், மருந்தைக் கலந்து ஏற்றும் சிறு பாட்டில்களும், வாயில் போட்டுக்கொள்ளும் பனிக்கட்டித் துண்டுகளுமே. பனிக்கட்டித் துண்டுகள் கரைந்தால் கொள்ளளவில் பாதி நீராகும் என்பதால், 200 மில்லிக் கோப்பை நிறையக் கொடுத்தால் 100 என்று எழுத வேண்டும். படுக்கையில் நனைத்துக்கொள்பவருக்கு, உலர்ந்த விரிப்பின் எடையை முன்பே குறித்துவைத்து, நனைந்த எடையிலிருந்து கழியுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. ‘நனைந்திருந்தது’ என்று மட்டும் எழுதினால், அடுத்த வேளைக்கு வருபவரால் அதைக் கூட்ட முடியாது.